தொடாமல் வைத்திருந்த கோடு

அலுவலகத்தில் அவருக்கு ‘அவசரம்’ என்று பெயர். வாசற்காவலரிலிருந்து மேலாளர் வரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை அவர் மனைவி ஒருவருக்குத்தான் இருந்தது. நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன், அவர் மனைவியை அண்ணி என்று. ரத்த உறவு எதுவும் இல்லை. வேறு நாட்டிலிருந்து வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு அறை மூலையில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருப்பேன். கைப்பேசியை மேசைமேல் மல்லாக்க வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து எந்த நேரம் என்ன செய்தி வருமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பது அப்போது என் வழக்கம். ஒருநாள் அண்ணி எதிரே வந்து உட்கார்ந்தார். என்னைக் கேட்காமலே கைப்பேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். “அடிச்சா காது கேக்கும்ல? சாப்பிடு” என்றார். உறவு அப்படித் தொடங்கியது.

எங்கள் பிரிவின் வேலை, நகரத்தின் குடிநீர்க் குழாய்களை வரைபடத்தில் ஏற்றுவது. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய், எவ்வளவு ஆழம், எந்த முனையில் வால்வு, எல்லாம் எங்கள் கோடுகளில் இருக்கும். அண்ணனும் அண்ணியும் கணினி வருவதற்கு முன்பே, சாய்வு மேசையில் மைப்பேனாவால் வரைந்து பழகியவர்கள். மற்றவர்கள் ஒரு தாளை முடிப்பதற்குள் அண்ணன் இரண்டை முடித்துவிடுவார். அதில் ஒன்றையாவது திரும்ப வரைய வேண்டியிருக்கும். பிளேடால் மையைச் சுரண்டி அவர் கோடுகளைத் திருத்தும் வேலை பக்கத்து மேசைப் பெண்ணின் தலையில் விழுந்தது. “சுரண்டிச் சுரண்டி விரலெல்லாம் தேஞ்சு போச்சு. கட்டிக்கிட்டா வீட்டுலயும் சேர்த்துத் திட்டலாமேன்னுதான் கட்டிக்கிட்டேன்” என்று அண்ணி சொல்வார். அண்ணன் மறுக்க மாட்டார். திட்டுவதற்கென்றே ஒரு ஆள் இருப்பது எவ்வளவு சுகம் என்று உனக்கெல்லாம் புரியாது என்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருவர், அலுவலகத்தில் இருவர். பேச்சு மட்டும் பத்துப் பேர் இருக்கும் வீட்டைப் போல நடந்துகொண்டே இருக்கும்.

வரைபடப் புரோகிராம் பழையது. யூனிக்ஸ் என்ற வேறு வகை மெஷினில் மட்டுமே ஓடக்கூடியது. அந்த மெஷின் எங்கள் கட்டடத்தில் இல்லை. வேறு ஊரில், தலைமையகத்தின் அடித்தளத்தில், குளிரூட்டிய அறை ஒன்றில் இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. எங்கள் மேசைகளில் இருந்தவை சாதாரண விண்டோஸ் கணினிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மென்பொருள் வாசற்கதவைப் போல எந்நேரமும் திறந்திருக்கும். புரோகிராம் அங்கே ஓடும். அதன் சன்னல் இங்கே, நம் திரையில், மின்னஞ்சலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நாம் மவுஸை நகர்த்தினால் அந்தச் செய்தி அங்கே போகும்; அங்கிருந்து கோடு வரும். பார்ப்பவருக்கு எல்லாம் இதே கணினியில் நடப்பதாகத்தான் தோன்றும்.

புரோகிராமைத் தொடங்கும்போதே அதன் சன்னல் யாருடைய மேசையில் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் அவரவர் மேசையைத்தான் சொல்வோம். இன்னொருவர் மேசையின் எண்ணைக் கொடுத்தாலும், அந்த மேசைக்காரர் அனுமதித்திருந்தால், சன்னல் அங்கே போய்த் திறக்கும். அண்ணிக்கு அந்த அனுமதியை அண்ணன் கொடுத்து வைத்திருந்தார். மூன்றாம் மாடியில் அண்ணி. இரண்டாம் மாடியில் அண்ணனும் நானும். மேலேயிருந்து தொலைபேசி வரும். “எறியறேன், பிடிங்க” என்பார் அண்ணி. அடுத்த நொடி அண்ணனின் திரையில், அவர் எதையும் தொடாமலே, ஒரு சன்னல் முளைக்கும். அதன் நடுவில் அவர் தப்பாக வரைந்த இடம் இருக்கும். பின்னாலேயே அண்ணி படியிறங்கி வந்து, அவருக்கு வலப்பக்கம் நின்றபடி, கையிலிருந்து மவுஸைப் பிடுங்கித் திருத்திவிட்டுப் போவார். புதிதாக வந்தவர்கள் சன்னல் தானாக முளைப்பதைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

அன்று காலை இருவரும் சேர்ந்து வெளியே போயிருந்தார்கள். சாலை வேலைக்காகத் தோண்டிய ஒரு தெருவில், எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய குழாய் ஒன்று தட்டுப்பட்டிருந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்து, அது எந்த வால்வில் தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். வந்ததும் அண்ணி மேலே போய் அந்தப் பகுதியின் வரைபடத்தைத் திறந்து அண்ணன் திரைக்கு எறிந்தார். “நீங்க வரைஞ்சா ரோட்டைத் தாண்டி யாரு வீட்டு அடுப்படிக்குள்ளயோ குழாய் போகும்” என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார். மவுஸை வாங்கி வால்வின்மேல் ஒரு கிளிக் செய்தார். கோட்டின் ஒரு முனை அங்கே பதிந்தது. மறுமுனை மவுஸோடு இழுபட்டு வந்தது. அந்தப் புரோகிராமில் அப்படித்தான், இரண்டாவது கிளிக் செய்யும்வரை கோடு ரப்பர் கயிற்றைப் போலக் கூடவே வரும்.

அப்போது என் மேசைத் தொலைபேசி அடித்தது. வாசலில் அண்ணிக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது, அவரே வந்து வாங்க வேண்டும் என்றார் காவலர். அண்ணி மவுஸைச் சன்னலுக்கு வெளியே நகர்த்தி வைத்தார். அண்ணனைப் பார்த்து விரலை நீட்டினார்.

“தொடாதீங்க. நான் வந்து முடிக்கிறேன்.”

கீழே பார்சலை வாங்கிக்கொண்டு, தலை கனக்கிறது என்று சொல்லி, காவலரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

காரியங்கள் எல்லாம் முடிந்து அண்ணன் வேலைக்குத் திரும்பியபோது அவர் கணினி அணையாமல் இருந்தது. நாங்கள் யாரும் அதன் பக்கம் போகவில்லை. உட்கார்ந்து மவுஸை அசைத்தார். இருண்டிருந்த திரை விழித்தது. சன்னல் அப்படியே இருந்தது. அதன் நெற்றியில், தொடங்கியவர் பெயர் என்று, அண்ணியின் பெயர். மவுஸ் போகிற போக்கில் சன்னலுக்குள் நுழைந்ததும் கோட்டின் முனை துள்ளி எழுந்து கூடவே வந்தது. அண்ணன் சுட்டுவிட்டதைப் போலக் கையை எடுத்துக்கொண்டார்.

அன்று முதல் அந்தச் சன்னலைத் திரையின் வலது பாதியில் ஒதுக்கி வைத்துவிட்டு, இடது பாதியில் தன் வேலையைப் பார்த்தார். மவுஸ் தவறிக்கூட அந்தப் பக்கம் போகாது. வேகத்துக்குப் பேர்போன கை, கண்ணாடிச் சாமான் நிறைந்த அலமாரியில் எதையோ தேடுவதைப் போல நகரக் கற்றுக்கொண்டது.

மூன்றாம் மாடியில் அண்ணியின் கணினியை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மேசையையும் எடுத்துவிட்டார்கள். அவருடைய கடவுச்சொல்லைப் பூட்டினார்கள். சன்னலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அந்தக் கணினியில் ஓடியதில்லையே. தூரத்து மெஷினில், தொடங்கியவர் பெயரில், கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மூடினால் மூடியதுதான். மறுபடி அந்தப் பெயரில் யாரும் நுழைய முடியாது. அண்ணனின் கணினி அணைந்தாலும் அதே கதி. சன்னலை இழந்த புரோகிராம் அந்த நொடியே செத்துவிடும், சேமிக்காத கோடும் அதோடு போகும். கணினியை அணைத்துத் தொடங்கலாமா என்று விண்டோஸ் அவ்வப்போது கேட்கும். அண்ணன் ‘பிறகு’ என்பதை அழுத்துவார். ஊருக்குப் போகவில்லை, விடுப்பு எடுக்கவில்லை. விடுமுறை நாட்களிலும் வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் காவலர் சொன்னார்.

மாலையில் கிளம்புமுன் அவர் ஒரு காரியம் செய்வார். வெற்றுச் சன்னல் ஒன்றைத் திறந்து அண்ணியின் வரைபடத்தின்மேல் முழுதாக மூடுவார். பிறகு விசைப்பலகையாலேயே அதை மெல்ல விலக்குவார், மவுஸ் அங்கே போகக்கூடாதே. மூடியிருந்த இடம் வெள்ளையாகக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் தூரத்து மெஷினிலிருந்து கோடுகள் வந்து நிரம்பத் தொடங்கும். எங்கள் இணைப்பு மந்தமானது. வரைபடம் ஒரே மூச்சில் வராது. அந்தப் புரோகிராமோ, எந்த வரிசையில் வரைந்தோமோ அதே வரிசையில்தான் திரும்ப வரையும். முதலில் பெரிய குழாய், அண்ணி கணினி பழகிய காலத்தில் போட்ட முதல் கோடு. பிறகு அதன் கிளைகள். பள்ளிக்கூடத் தெரு. சந்தைத் தெரு. பிற்பாடு வந்த குடியிருப்புகள். வால்வுகள், பொட்டு வைப்பதைப் போல ஒவ்வொன்றாக. எல்லாம் வந்து முடிந்தபின், கொஞ்சம் தயங்கி, அந்த முடியாத கோடு.

“பாரு, எவ்வளவு நிதானமா வரையறா” என்றார் ஒருநாள், என் பக்கம் திரும்பாமலே.

நான் என் திரையை அவசரமாக அணைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனைவரை போனபிறகுதான் கைப்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. எடுக்கத் திரும்பிப் போகவில்லை.

மவுஸை வெளியே எடுக்கும்போது கோட்டின் முனை எந்த இடத்தில் விடுபட்டதோ அங்கேயே நிற்கும். அந்த இடம் அண்ணனுக்கு மனப்பாடம். சில காலைகளில் அது மாறியிருந்தது. மாலையில் குளத்து மூலையில் நின்ற முனை காலையில் சந்தைத் தெருப் பக்கம் இருக்கும். அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அலுவலகம் துடைக்க வரும் அக்கா மேசையைத் துடைக்கும்போது மவுஸ் நகர்ந்திருக்கும் என்றேன். “அப்படியா இருக்கும்?” என்றார். அதற்குமேல் வாதம் செய்யவில்லை. ஆனால் எல்லோருக்கும் முன்னால் வந்து திரையை எழுப்பிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. முனை நகர்ந்திருந்த நாட்களில் முகம் தெளிவாக இருக்கும், யாரையாவது கிண்டல்கூடச் செய்வார். நகராத நாட்களில் பேச்சே இருக்காது.

தலைமையகத்தில் அந்த யூனிக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் குரலாகத்தான் அறிவோம். மெஷின்காரர் என்போம். இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அவர் தன் திரையில் பார்க்கும்போதெல்லாம் அண்ணியின் பெயரும் இருந்தது. ஓடும் புரோகிராமை வலிந்து நிறுத்துவதை அவர்கள் தொழிலில் கொல்வது என்றுதான் சொல்வார்கள். அவர் முதல்முறை கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன்.

“அந்த மேடம் பேர்ல ஒண்ணு ரொம்ப நாளா சும்மா ஓடிட்டிருக்குங்க. கொன்னுடவா?”

நான் ரிசீவரைக் கையால் பொத்தினேன். அதற்குள் அது அண்ணன் காதில் விழுந்திருந்தது. வாங்கினார்.

“அவங்க வெளிய போயிருக்காங்க. வந்து முடிச்சிடுவாங்க” என்றார்.

பிறகு மெஷின்காரர் யாரிடமோ விசாரித்திருப்பார் போலிருக்கிறது. கொல்வது என்ற சொல்லை அவர் எங்களிடம் மறுபடி சொல்லவே இல்லை. வேறு வேலையாகக் கூப்பிட்டாலும் கடைசியில், “சார், அம்மா இன்னும் உள்ளதான் இருக்காங்க” என்பார், வீட்டுப் பெரியவர்களின் நலத்தைச் சொல்வதைப் போல. அண்ணன் “சரி தம்பி” என்பார்.

அண்ணி அந்தப் பகுதியைத் திறந்து வைத்திருக்கும்வரை வேறு யாரும் அங்கே ஒரு பொட்டுக்கூட வைக்க முடியாது என்பதுதான் சிக்கல். அந்தத் தெருக்களில் எது மாறினாலும் நாங்கள் காகிதப் பிரதியில் பென்சிலால் குறித்து ஒப்பேற்றினோம். மேலாளர் அண்ணனைவிட இளையவர், நல்லவர். அண்ணனிடம் நேரே கேட்கத் தயங்கி என்னைக் கூப்பிட்டார். குழாய் எங்கே முடிகிறது என்று தெரியாமல்தான் சார் விட்டு வைத்திருக்கிறாரா, அப்படியானால் ஆள் அனுப்பித் தோண்டிப் பார்க்கலாமே என்றார். நான் அதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

“எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியுமே” என்றார் அண்ணன். “ரெண்டு பேரும் சேர்ந்துதானே பார்த்தோம்.”

“அப்ப அந்த ஒரு கிளிக்கைப் பண்ணி சேமிச்சிடலாமே அண்ணே. அண்ணி பேர்லயே பதிவாகிடும். இப்படியே விட்டா என்னைக்காவது கரண்ட் போற அன்னிக்கு அதுவும் இல்லாம போயிடும்.”

“தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனா.” கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “வாழ்நாள்ல அவ சொன்ன பேச்சை நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கேனா, சொல்லு. இதையாவது கேக்கறேனே.”

அண்ணியின் கடைசிக் கோட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதை அண்ணன் முடிக்க வேண்டும். முடித்துவிட்டால் அண்ணி திரும்பி வந்து செய்ய வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது. அவர் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

மழைக்காலத்தில் மூன்றாம் மாடியிலிருந்து எங்கள் கூரைவழி தண்ணீர் இறங்கியது. மேல்மாடிகளைக் காலி செய்து பழுது பார்ப்பது என்று முடிவாயிற்று. எங்கள் பிரிவு தரைத்தளத்துக்கு மாற வேண்டும். மேலே மின்சாரத்தை முழுதும் துண்டிப்பார்கள். செய்தி வந்த அன்று அண்ணன் தானே மெஷின்காரரைக் கூப்பிட்டார். சன்னலை வேறொரு கணினிக்கு அப்படியே மாற்ற வழி உண்டா என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன், குரல் வெளியே கேட்டது.

“முடியாது சார். பொறக்கும்போது எந்த மேசைன்னு சொல்லி அனுப்பினோமோ அங்கதான் அது. அப்புறம் எடம் மாறி இருக்க அதுக்குத் தெரியாது.”

அண்ணன் ரிசீவரை மெல்ல வைத்தார்.

வழி சொன்னவர், கட்டடத்தின் கம்பிகளைக் கவனிக்கும் வயர்காரர். மனுஷன் எதையும் முடியாது என்று சொல்லிப் பழகாதவர். கணினியை அணைக்காமலே கொண்டுபோகலாம் என்றார். அது பேட்டரிப் பெட்டி வழியாகத்தான் ஓடுகிறது, பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் ஓடும். மெஷினோடு பேசும் வயர்தான் முக்கியம். அது ஒரு கணம் கழன்றாலும் விண்டோஸ் எல்லாத் தொடர்பையும் உதறிவிடும். ஆகவே அதைக் கழற்றாமல், மேசைக்கடியில் சுருட்டிக் கிடக்கும் அதன் மிச்ச நீளத்தை விட்டுக்கொண்டே கீழே இறங்க வேண்டும். கீழே போனதும் பேட்டரியைப் புதுச் செருகியில் மாட்டிவிடலாம். மேலே வயர் மாட்டிய பெட்டியும் தன் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அதற்குள் அதற்கும் கீழேயிருந்து மின்சாரம் இழுத்துக் கொடுத்துவிடலாம்.

லிஃப்ட் வேண்டாம், கதவு வயரை நசுக்கிவிடும் என்று படியில் இறங்குவதென்று முடிவாயிற்று. கழற்றிப் போட்டிருந்த அலமாரிக் கதவு ஒன்றைப் பலகையாக்கி, கணினி, திரை, பேட்டரிப் பெட்டி, மவுஸ் எல்லாவற்றையும் அதன்மேல் வைத்தோம். மவுஸ் அசையாதபடி அண்ணன் தன் கைக்குட்டையை மடித்து அண்டை கொடுத்தார். மேலாளரும் இன்னும் மூன்று பேரும் பலகையின் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். வயர்காரர் பின்னால் சுருளைப் பிரித்துவிட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் முன்னால், பின்பக்கமாக, திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். பேட்டரி விட்டுவிட்டு ஒலித்தது. யாரும் பேசவில்லை. ஏதோ வேலையாக ஏறி வந்த வெளியாள் ஒருவர் எங்களைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி, தலையைத் தாழ்த்தி நின்றார். பலகையில் கணினி இருப்பதை நாங்கள் கடந்து போனபிறகுதான் கவனித்திருப்பார்.

கடைசித் திருப்பத்தில் வயர் விறைத்தது. சுருள் தீர்ந்துவிட்டது.

வயர்காரர் மாடியிலிருந்து தரைக்கு நேர்க்கோட்டில் அளவெடுத்திருந்தார். படி திரும்பித் திரும்பி இறங்கும்போது வயரும் கூடவே சுற்றிக்கொண்டு போகும் என்பதை விட்டுவிட்டார். குழாய் அளப்பதையே பிழைப்பாகக் கொண்ட நாங்களும், ஒருவராவது, அதைக் கவனிக்கவில்லை. தரைத்தளத்துக்கு இன்னும் அரைப்படிக்கட்டு பாக்கி. மேலே திரும்பிப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். மேலே மின்சாரத்தை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள், வயர் மாட்டிய பெட்டியும் எந்த நேரமும் போகும் என்றார் வயர்காரர். பேட்டரியின் ஒலி நெருக்கமாகிவிட்டிருந்தது. பலகையைத் திருப்பத்தில் இறக்கி வைத்தோம்.

அங்கே ஒரு சன்னல் உண்டு, கண்ணாடிச் சன்னல். அதன் வழியே வாசல் தெரியும், காவலரின் பக்கத்து நாற்காலி தெரியும். அண்ணன் ஒருமுறை அங்கே பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து, கைக்குட்டையை விலக்கி, மவுஸின்மேல் கையை வைத்தார். கை நடுங்கியது.

“எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க” என்றார்.

மேலாளர் உள்பட எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். பேட்டரி அலறிக்கொண்டிருந்தது. அதற்கிடையிலும் அந்தக் கிளிக் தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, சேமிப்பதற்கு. நான் திரும்பினேன். கோடு நின்றுவிட்டிருந்தது. மவுஸ் சன்னலுக்குள்ளேயே இருந்தும் எதுவும் அதோடு வரவில்லை.

“வரைஞ்சவர்ங்கிற எடத்துல அவ பேர் தானா வந்துது” என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகும் பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தது. வெற்றுச் சன்னலைத் திறந்து வரைபடத்தின்மேல் மூடினார். விலக்கினார். வெள்ளை. பிறகு பெரிய குழாய் வந்தது. கிளைகள் வந்தன. நாங்கள் எல்லோரும் படியில் குனிந்து நின்று பார்த்தோம். பள்ளிக்கூடத் தெரு, சந்தைத் தெரு, குடியிருப்புகள், பொட்டுப் பொட்டாக வால்வுகள். கடைசியாகப் புதுக் கோடு வந்தது, இந்தமுறை தயங்காமல். உடனே திரை இருண்டது. ஒலியும் நின்றது. கறுத்த கண்ணாடியில் எங்கள் முகங்கள் தெரிந்தன. எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணனின் கைப்பேசி அடித்தது. மெஷின்காரர்.

“சார், அம்மா பேரு இப்ப இங்க இல்ல சார். நான் எதுவும் பண்ணல” என்றார். குரல் பதறியது.

“தெரியும் தம்பி. முடிச்சுட்டுத்தான் போயிருக்கா” என்றார் அண்ணன்.

தரைத்தளத்தில் எங்களுக்குப் புது மேசைகள். இரண்டொரு நாள் கழித்துத் துடைக்கிற அக்கா ஈரத்துணியோடு வந்து, அண்ணன் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் கேட்டார், இங்கேயாவது அவர் மேசையைத் துடைக்கலாமா அல்லது மேலே மாதிரி இங்கேயும் தொடக்கூடாதா என்று. எனக்குப் புரியவில்லை.

“மேல எங்க தொட்டேன்? அந்தம்மா போனதுமே அண்ணன் சொல்லிட்டாரே, இந்த மேசைப் பக்கம் வராதீங்கன்னு. நான் ஒருநாளும் போனதில்ல” என்றார் அக்கா.

பளபளக்கும் மேசையில் மவுஸ் தானாக நகர்வதுண்டு, அடியில் இருக்கும் வெளிச்சம் ஏமாந்துபோகும் என்று வயர்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படித்தான் இருக்கும். அண்ணனிடம் இதைக் கேட்கவில்லை. துடைக்கிற அக்கா என்று நான் சொன்னபோது, அப்படியா இருக்கும் என்று அவர் கேட்ட விதம் மட்டும் நினைவுக்கு வந்தது.

அந்தப் பகுதியின் புதுப் பிரதி அச்சாகி வந்த அன்று அண்ணன் என்னைக் கூப்பிட்டு மேசைமேல் விரித்துக் காட்டினார். கோடு வால்வில் தொடங்கி, தெருவோடு போகாமல் சாய்ந்து, சாலையின் விளிம்பைத் தாண்டி ஒரு வீட்டுக்குள் முடிந்திருந்தது. கை நடுங்கியதில் வந்த வினை. ஓரத்தில் சின்ன எழுத்தில் அண்ணியின் பெயர்.

“அடுப்படிக்குள்ள போயிடுச்சு” என்றார்.

“இப்ப அந்தப் பகுதிக்குப் பூட்டு இல்லையே அண்ணே, திருத்திடலாமா? நான் வேணா போடறேன்.”

“வேணாம். அவ பேர்ல இப்படி ஒரு கோணல் கோடு இருக்குன்னு தெரிஞ்சா சும்மா இருப்பாளா?”

தாளைச் சுருட்டி வைத்தார். நாற்காலியை இடதுபக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். பிறகு மவுஸை எடுத்து மேசையின் வலது ஓரத்தில், பக்கத்தில் நிற்கும் ஒருவர் குனியாமல் எடுக்க வாகாக, வைத்தார்.